உழைப்பும் வாய்ப்பும்

“உழைத்தோம், உயர்ந்தோம்” என்று நம்மவர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. சகோதரர்களே, சற்றுச் சிந்திப்போம்.

1786-இல் கம்பெனியார் பினாங்கில் துறைமுகம் திறந்தனர். சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகருக்கு அது முன்பே பழகிய கடல்வழி. கையில் சரக்கும், ஊரில் நம்பிக்கையான உறவும் இருந்தன. அவர்களுள் ஒருவரான காதர் முகைதீன் கப்பித்தான் ஆனார்; பள்ளிவாசலுக்கு 1801-இல் நிலமும் கிடைத்தது. அவர் முயற்சி பெரிது. வந்து சேர்ந்த காலமும் கைகொடுத்தது.

அதே தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தோர் கதை வேறு. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல்தான் ஒழிந்தது. கங்காணி ஆள்சேர்ப்பு 1938 வரை நீடித்தது. விடியுமுன் எழுந்து ரப்பர் மரம் சீவியவர் நம்மைவிடக் குறைவாகவா உழைத்தார்? இல்லை. அவருக்குக் கடனாகச் சரக்கு தர ஒரு மாமன் இல்லை. அவர் பிள்ளைக்குத் தோட்டப் பள்ளி தொடக்க வகுப்போடு முடிந்தது.

நம் கடைகளிலும் அப்படித்தான். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த இருவரில் முதலாளியின் உறவினர் பங்காளியானார். மற்றவர் கடையாளாகவே ஊர் திரும்பினார். இதை நசீபு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடலாமா?

ஆகவே, தாழ்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று இகழாதிருப்போம். இன்று கட்டடங்களிலும் உணவுக் கடைகளிலும் பாடுபடும் புதியவருக்கு உரிய கூலியை உரிய நாளில் கொடுப்போம். ஏழைப் பிள்ளையின் படிப்புக்குத் துணை நிற்போம். நமக்கு ஒருவர் திறந்த கதவை நாம் பிறருக்குத் திறப்பதே நன்றி.