உயிர் காக்கும் பணிக்கு ஊர்ப் பிள்ளைகளை ஆயத்தம் செய்தல்

ஒரு கிராமத்தின் அபிவிருத்தியைச் சாலையாலும் பள்ளியாலும் குடிநீர்க் குழாயாலும் மட்டும் அளந்துவிட இயலாது. ஆபத்து நேர்ந்த வேளையில் முறையறிந்து உதவுவார் அவ்வூரில் உளரா என்பதும் ஓர் அளவுகோலாகும். நீரில் மூழ்கியவரைக் கரை சேர்த்தபின் வயிற்றை அமுக்கிக் காலம் போக்குவது தவறு. மூச்சு நின்றவருக்கு வேண்டுவது செயற்கைச் சுவாசமும், மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துதலுமேயாம். வயலில் பாம்பு தீண்டியவருக்குக் கீறலும் இறுக்கிக் கட்டுதலும் தீமையே தரும். கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே நலம். இத்தகைய அறிவை முறையாகப் பயின்று தொழிலாகக் கொண்டவரே அவசர மருத்துவ உதவியாளர்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையால் பெருஞ்சேதமுற்ற மீனவர் ஊர்களுள் காரைக்கால்மேடும் ஒன்று. கடலை நம்பி வாழும் இத்தகைய ஊர்களிலும், சுற்றிலுமுள்ள நெல் விளையும் கிராமங்களிலும் இப்பணிக்குரிய பிள்ளைகள் இருக்கின்றனர். ஆயினும் பயிற்சியில் சேரும் தகுதி, விண்ணப்பம் எழுதும் நாளில் உண்டாவதன்று. இரண்டாண்டுகளுக்கு முன்னரே உண்டாவது. இதனைப் பெற்றோரும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் நன்கு உணர வேண்டும்.

1. பாடப் பிரிவு

துணை மருத்துவப் பட்டப் படிப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களில் தேர்ச்சி வேண்டும். உயிரியலுக்கு ஈடாகத் தாவரவியலும் விலங்கியலும் பயின்றிருக்கலாம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31 ஆம் நாளில் 17 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பதினோராம் வகுப்பில் வணிகவியல் பிரிவை எடுத்த மாணவர்க்கு, எத்துணை மதிப்பெண் பெற்றிருப்பினும், இவ்வாயில் திறவாது. ஆகவே, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடனேயே பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டறிதல் அவசியம்.

2. வழிகள்

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அங்குள்ள மாணவர்கள் தொழிற்படிப்புகளுக்குச் ‘சென்டாக்’ என்னும் மாணவர் சேர்க்கைக் குழுவின் வாயிலாக விண்ணப்பிக்கின்றனர். அதில் காரைக்கால் வட்டாரத்திற்கென 18 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஜிப்மர் நிறுவனத்தின் பட்டப் படிப்புகளுக்கு அண்மை ஆண்டுகளில் நீட் தேர்வின் மதிப்பெண் கொள்ளப்படுகிறது. அத்தேர்வின் 720 மதிப்பெண்ணில் சரிபாதி உயிரியலுக்குரியது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 இல் தொடங்கியது. அதன் மருத்துவ உதவியாளர் பணிக்கு அண்மையில் வெளிவந்த அறிவிப்புகளில் செவிலியர் படிப்பு, ஆய்வுக்கூடப் பட்டயம், உயிரியல் சார்ந்த பட்டம் ஆகியவற்றுள் ஒன்று தகுதியாகக் கூறப்பட்டது. வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் தேறியவர்க்கே பயிற்சி.

3. கல்வி ஆயத்தம்

உயிரியல் ஒன்றே போதும் என்று எண்ணலாகாது. கணக்கும் வேண்டும். 500 மில்லிலிட்டர் மருந்து நீரை 4 மணி நேரத்தில் நரம்பின் வழியே செலுத்த வேண்டும் எனக் கொள்வோம். ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி விழும் குழாயாயின், மொத்தம் 10,000 துளிகள். 4 மணி என்பது 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்திற்கு ஏறக்குறைய 42 துளிகள். இது நடுநிலைப் பள்ளிக் கணக்கே. ஆனால் இதில் பிழை நேர்ந்தால் நோயாளியே துன்புறுவார். பாட நூல்களும் மருந்துப் பெயர்களும் ஆங்கிலத்தில் இருத்தலால், நாள்தோறும் ஒரு பக்கமேனும் அம்மொழியில் படித்துப் பொருளறிதல் நன்று.

4. சான்றிதழும் செலவும்

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவும் விண்ணப்ப அழைப்பும் பெரும்பாலும் இக்காலத்தை ஒட்டியே வருகின்றன. வீட்டில் வருவாய் குன்றிய வேளையில்தான் கட்டணம் கட்ட நேர்கிறது. உழவர் வீட்டிலும் குறுவைச் செலவு அப்போதுதான் எழுகிறது. ஆகவே, தை மாதத்திலேயே ஒரு தொகையை ஒதுக்கி வைத்தல் விவேகம்.

இருப்பிடம், சாதி, வருமானம் பற்றிய சான்றுகளையும் முன்கூட்டியே பெறுக. பெயரும் பிறந்த நாளும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக உள்ளனவா எனச் சரிபார்க்க. எல்லைக்கு இருபுறமும் உறவு கலந்து வாழும் குடும்பங்கள், தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு அம்மாநில இருப்பிடத் தகுதி வேண்டும் என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

5. போலிப் பயிற்சி

சில மாதங்களில் சான்றிதழும் உடனே வேலையும் என்று விளம்பரம் செய்வோரிடம் பணம் கட்டி ஏமாறலாகாது. துணை மருத்துவத் தொழில்களை முறைப்படுத்தும் தேசிய ஆணையத்திற்கான சட்டம் 2021 இல் இயற்றப்பட்டது. எப்பல்கலைக்கழகத்தின் இணைப்பு, யாருடைய அங்கீகாரம், பயிற்சி எந்த மருத்துவமனையில் என்னும் மூன்று வினாக்களுக்கும் எழுத்து மூலம் விடை பெற்ற பின்னரே கட்டணம் கட்டுதல் வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலை ஆண்டுதோறும் தயாரித்து, தலைமையாசிரியரைக் கொண்டு பாடப் பிரிவுகளை விளக்கச் செய்யலாம். சான்றிதழ் பெற அலையும் குடும்பத்துடன் உறுப்பினர் ஒருவர் துணை செல்லலாம். பெண் பிள்ளைகளுக்கும் இப்பணி உரியதென்பதைப் பெற்றோர்க்கு எடுத்துரைக்கலாம். இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை; காலத்தே செய்யும் கருத்தே வேண்டும். விதைப்புக் காலத்தைத் தவறவிட்ட வயலில் அறுவடையை எதிர்பார்த்தல் இயலாதன்றோ? பிள்ளைகளின் கல்விக்கும் அதுவே விதி.