ஊசியிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

விலைக்கு வந்திருக்கும் பழைய ஃபோனோ பிரீ-ஆம்ப்பை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதன் பெயரை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் எது என்பதை எழுதவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

மூவிங் மேக்னட் வகை என்றால் கார்ட்ரிட்ஜிலிருந்து 3 முதல் 5 மில்லிவோல்ட் வரும். 40 டெசிபல் பெருக்கம், அதாவது 100 மடங்கு, போதும். டெனான் டிஎல்-103 போன்ற மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் தருவதோ வெறும் 0.3 மில்லிவோல்ட். அதே 40 டெசிபல் பெட்டியில் மாட்டினால் 30 மில்லிவோல்ட்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். வால்யூமை முழுக்கத் திருப்பினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து ஏறும். இவ்வகை கார்ட்ரிட்ஜுக்கு 60 டெசிபல் தரும் பெட்டி வேண்டும். பொருந்தாத விலையுயர்ந்த பெட்டியைவிடப் பொருந்துகிற எளிய பெட்டியே மேல் என்பது என் உறுதியான கருத்து.

பெருக்குவது பாதி வேலைதான். இசைத்தட்டில் பாஸைக் குறைத்தும் ட்ரெபிளை ஏற்றியும் வெட்டியிருப்பார்கள். பிரீ-ஆம்ப் அதைத் திருப்பிச் சரிசெய்கிறது. 1954-க்குப் பிறகு இதற்கு ஆர்ஐஏஏ என்ற பொது அளவு நிலைபெற்றது. எல்பிகளுக்கு அது போதும். ‘ஹரிதாஸ்’ படக் காலத்து 78 சுழற்சித் தட்டுகளும் வைத்திருக்கிறீர்களா? அவை அந்த அளவுக்கு முந்தியவை. சாதாரணப் பெட்டியில் பெரும்பாலும் மங்கித்தான் கேட்கும், ஊசியும் வேறு வேண்டும்.

பழைய பெட்டியில் நான் மிகவும் அஞ்சுவது அடாப்டரைத்தான். அசல் அடாப்டர் தொலைந்து, கைக்குக் கிடைத்த ஒன்றைச் சேர்த்து விற்பவர்கள் உண்டு. சில பெட்டிகளுக்கு டிசி வேண்டும், சிலவற்றுக்கு ஏசி. பிளக் பொருந்துவதால் மின்சாரமும் பொருந்திவிடாது. பின்பக்கம் அச்சிட்டிருப்பதை அடாப்டரோடு ஒப்பிடுங்கள். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட்டுக்கானது, அமெரிக்காவிலிருந்து வந்தது 120. நம் 230-இல் நேராகச் செருகினால் பெட்டி போய்விடும். 20 வருடப் பெட்டி என்றால் உள்ளே எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். மாற்றும் கூலியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

உங்கள் டர்ன்டேபிளோடு இணைத்து, எர்த் வயரை மாட்டி, ஊசியைத் தூக்கி வைத்தபடி வால்யூமை வழக்கத்துக்குச் சற்று மேலே ஏற்றிக் கேளுங்கள். மெல்லிய இரைச்சல் இருக்கலாம். தாழ்ந்த சுருதியில் ஹம் கேட்டால் வேண்டாம். பிறகு ஒரு தட்டைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலி சமமாக வருகிறதா என்றும் பாருங்கள். போட்டுக் காட்ட மறுப்பவரிடம் விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள்.

அன்புடன்.