மூடிய கதவுகள் மூன்று: இக்காலப் புதினங்களில் அந்நியர் மூவர்

கூட்டத்தின் நடுவே தனியாய் நிற்கும் ஒருவரைக் கண்டால் நம் மனம் இரண்டில் ஒன்றைச் செய்கிறது. ஒன்று, 'ஐயோ பாவம்' என்று இரங்குகிறது. அல்லது, 'இவரிடம் ஏதோ குறை இருக்கிறது' என்று முடிவு கட்டுகிறது. 'இவரைத் தனியே நிறுத்தியவர் யார்?' என்ற மூன்றாவது கேள்வியை நாம் எளிதில் கேட்பதில்லை. கேட்டால், விடையில் நம் பெயரும் வந்துவிடக் கூடும் அன்றோ?

இவ்வாண்டு மேனிலை இரண்டாம் ஆண்டு மாணவியராகிய நாங்கள் நூலக வகுப்பில் மூன்று கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தோம். முதலாவது, பிரான்ஸ் காஃப்கா ஜெர்மன் மொழியில் எழுதி 1915இல் வெளிவந்த 'உருமாற்றம்'. அடுத்தது, ஆல்பெர் காம்யு பிரெஞ்சு மொழியில் எழுதி 1942இல் வெளியிட்ட 'அந்நியன்'. மூன்றாவது, நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி ஆங்கிலத்தில் எழுதி 1958இல் வெளிவந்த 'சிதைவுகள்'. மூன்றின் தலைவர்களும் துன்பத்தில் மடிகிறவர்கள். தம்மவர் நடுவிலேயே அந்நியராய்ப் போனவர்கள். இம்மூவரையும் ஒப்பிட்டு நாங்கள் கண்டவற்றை இங்கே தருகிறோம்.

அரியணையிலிருந்து அறைக்கு

பழைய துன்பியல் நாடகங்களின் தலைவன் பெரும்பாலும் அரசன் அல்லது பெருவீரன். கிரேக்க நாட்டுச் சொஃபொக்ளீசின் ஈடிபஸ் தீபஸ் நகரின் மன்னன். சேக்ஸ்பியரின் லியர் பிரித்தானியாவின் மன்னன். உயரத்திலிருந்து விழுபவனின் வீழ்ச்சியே நெஞ்சை உலுக்கும் என்று அக்காலத்தவர் எண்ணினர். சாதாரண மனிதனும் துன்பியல் தலைவனாகத் தகுதியுடையவனே என்று அமெரிக்க நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் 1949இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். நாங்கள் படித்த கதைகளின் தலைவர்களும் மன்னர்கள் அல்லர். ஒருவன் ஊர் ஊராய்ச் சென்று துணி விற்பவன். ஒருவன் அலுவலக ஊழியன். மற்றொருவன் வள்ளிக்கிழங்கு பயிரிடும் உழவன். பழைய தலைவன் அரியணையை இழந்தான். இவர்கள் இழப்பதோ மனிதர் நடுவே தமக்கிருந்த இடத்தை.

வீட்டுக்குள் ஓர் அந்நியன்

'உருமாற்றம்' கதையின் தலைவன் கிரெகோர் சாம்சா. தந்தையின் கடனை அடைக்க விடியுமுன் எழுந்து இரயிலேறி உழைப்பவன். தங்கை கிரேட்டா வயலின் வாசிப்பாள். அவளை இசைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்பது அவனுடைய இரகசியக் கனவு. ஒரு நாள் காலையில் கண் விழிக்கும்போது அவன் பெரியதொரு பூச்சியாக மாறியிருக்கிறான். ஏன் மாறினான் என்று ஆசிரியர் சொல்வதே இல்லை. அட்டைப் படத்தில் அந்தப் பூச்சியை வரைந்துவிட வேண்டாம் என்று காஃப்கா 1915இல் பதிப்பகத்தாருக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டார். பூச்சியின் உருவத்தைவிட, அதைச் சுற்றி இருப்பவர்களின் மனமே கதை என்பதால்தான் போலும்!

முதலில் அவன்மீது அன்பு காட்டுபவள் தங்கையே. அவனுக்குப் பிடித்த பாலை வைக்கிறாள். அவன் தொடவில்லை என்று கண்டதும் பலவகை உணவுகளைப் பரப்பி, எதை உண்கிறான் என்று பார்க்கிறாள். ஆனால் நாள்கள் செல்கின்றன. அண்ணனின் ஊதியம் நின்றுவிட்டதால் தந்தை வங்கியில் ஏவலராகிறார். தாய் வீட்டில் தையல் வேலை செய்கிறாள். கிரேட்டா கடையில் விற்பனைப் பெண்ணாகிறாள். மாலையில் சுருக்கெழுத்தும் பிரெஞ்சும் கற்கிறாள். அலுப்பு மிகுகிறது, அன்பு தேய்கிறது. தந்தை எறிந்த ஆப்பிள் ஒன்று கிரெகோரின் முதுகில் பதிந்து, எடுப்பாரின்றி அங்கேயே அழுகுகிறது. கடைசியில், 'இதை எப்படியாவது ஒழித்துவிட வேண்டும்' என்ற பொருள்பட முதலில் பேசுபவளும் அந்தத் தங்கையே. அன்றிரவு அவன் தன் குடும்பத்தாரை அன்போடு நினைத்தபடியே இறந்துபோகிறான்.

மன்றத்தில் ஓர் அந்நியன்

'அந்நியன்' புதினத்தின் களம் அல்ஜியர்ஸ் நகரம். அல்ஜீரியா அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. காம்யு அந்நாட்டிலேயே 1913இல் பிறந்தவர். மறு ஆண்டே தந்தையைப் போரில் இழந்து, வீட்டு வேலை செய்த தாயின் உழைப்பில் வளர்ந்தவர். அவருடைய கதைத் தலைவன் மெர்சோ, முதியோர் இல்லத்தில் இருந்த தன் தாயின் அடக்கத்திற்குச் செல்கிறான். அழவில்லை. இறந்த தாயின் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை. இரவில் பெட்டியின் அருகே பால் காப்பி குடிக்கிறான், புகைக்கிறான். மறுநாள் கடலில் நீந்துகிறான். நகைச்சுவைப் படம் பார்க்கிறான்.

பின்னர் ஒரு நாள், கொளுத்தும் வெயிலில், கடற்கரையில் ஓர் அரபியனைச் சுட்டுக் கொல்கிறான். ஒருமுறை சுட்டபின் சற்று நிறுத்தி மேலும் நான்கு முறை சுடுகிறான். இது கொடிய குற்றம். இதற்கு அவன் தண்டனை பெற வேண்டியவனே. ஆனால் நீதிமன்றத்தில் நடப்பதைக் கவனியுங்கள். கொலையைப் பற்றிய பேச்சைவிடத் தாயின் அடக்கத்தைப் பற்றிய பேச்சே அங்கு ஓங்கி நிற்கிறது. முதியோர் இல்லத்தார் வந்து, அவன் அழாததையும் காப்பி குடித்ததையும் சாட்சியாகச் சொல்கிறார்கள். அரசு வழக்கறிஞரின் கண்ணுக்கு அவன் மனிதனாகவே தெரியவில்லை. 'வருந்துகிறேன்' என்று உணராததைச் சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பான். அந்தப் பொய்யை அவன் சொல்ல மறுக்கிறான். தாயின் அடக்கத்தில் அழாதவன் நம் சமுதாயத்தில் மரண தண்டனைக்கு ஆளாக நேரும் என்ற கருத்தைப் பிற்காலத்தில் காம்யுவே ஒரு முன்னுரையில் எழுதினார்.

இவ்விடத்தில் நாங்கள் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மெர்சோவுக்காக இரங்குகிற நாம், அவனால் இறந்தவனை மறந்துவிடுகிறோம். கதை முழுவதிலும் அந்த அரபியனுக்குப் பெயரே இல்லை! எழுபது ஆண்டுகள் கழித்து, 2013இல், கமல் தாவூத் என்ற அல்ஜீரிய எழுத்தாளர் ஒரு புதினம் எழுதினார். கொலையுண்டவனின் தம்பி பேசுவதாக அமைந்த கதை அது. அண்ணனுக்கு மூசா என்று பெயரிட்டு, அவனை அழுது தேடும் தாயொருத்தியையும் அதில் காட்டினார். மெர்சோவைவிடப் பெரிய அந்நியன் அக்கடற்கரை மணலில் கிடந்தான் என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தனர்.

சொந்த ஊரில் ஓர் அந்நியன்

'சிதைவுகள்' நூலின் தலைவன் ஒக்கோங்வோ, நைஜீரியாவின் இபோ மக்களிடையே வாழ்பவன். அவன் தந்தை உனோக்கா குழலூதுவதில் இன்பம் கண்டவர், கடனாளியாகவே இறந்தவர். தந்தையைப் போல ஆகிவிடுவோமோ என்ற அச்சமே மகனின் வாழ்க்கையை ஆட்டிவைக்கிறது. பதினெட்டு வயதில் மற்போரில் வென்று புகழ் பெறுகிறான். உழைத்துக் களஞ்சியங்களை நிரப்புகிறான். மென்மை என்று எது தோன்றினாலும் அதனைப் பகைக்கிறான். மூன்றாண்டு தன் வீட்டில் வளர்ந்து, தன்னை 'அப்பா' என்றழைத்த இக்கெமெபூனா என்ற சிறுவனைக் கொல்லும்படி குறி சொல்கிறது. 'அந்தக் கொலையில் நீ பங்கேற்காதே' என்று ஊர்ப் பெரியவர் எச்சரிக்கிறார். ஆயினும், தன்னைக் கோழை என்பார்களோ என்று அஞ்சி, அவனே வாளை ஓங்குகிறான்.

பின்னர், தவறுதலாகத் தன் துப்பாக்கி வெடித்து ஓர் இளைஞன் இறந்ததால், ஏழாண்டு தாயின் ஊரில் வாழ நேர்கிறது. அங்கே தாய்மாமன் உச்செண்டு அவனுக்கு ஒரு பாடம் சொல்கிறார். 'தாயே தலையானவள்' என்று பொருள்படும் 'நெக்கா' என்ற பெயரை நம் மக்கள் பெண் குழந்தைகளுக்கு ஏன் வைக்கிறார்கள்? அடிபட்ட பிள்ளை ஓடிவருவது தாயிடமே என்பதால்தான் என்கிறார். மென்மைக்கு இடமளித்த அந்த அறிவுரையை ஒக்கோங்வோ கேட்டான்; ஏற்கவில்லை.

அவ்வேழாண்டுகளில் வெள்ளையர் ஆட்சியும் கிறிஸ்தவ சபையும் அந்நாட்டுக்கு வருகின்றன. அச்சிபி, மறைபரப்புப் பணியாளர் ஒருவரின் மகன். எனினும் எந்தப் பக்கத்தையும் மறைக்காமல் காட்டுகிறார். நான்குமுறை இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, ஊர் வழக்கத்தால் நான்குமுறையும் அவற்றைப் பறிகொடுத்த தாயொருத்திக்குச் சபையின் கதவு திறக்கிறது. ஊரார் தீண்டாத 'ஓசு' மக்கள் வந்தபோது, முன்பே உள்ளே வந்திருந்தவர்கள்தாம் 'இவர்களைச் சேர்க்காதீர்' என்று தடுக்கின்றனர். சபை ஆசிரியர் கியாகா அதற்கு இணங்காமல் அவர்களை ஏற்றுக்கொள்கிறார். தள்ளப்பட்டவர்களுக்கு வீடாக அமைந்த அதே மாற்றம், ஒக்கோங்வோவின் உலகத்தைச் சிதைக்கிறது. அரசின் தூதன் ஒருவனை அவன் வெட்டி வீழ்த்துகிறான். ஊரார் யாரும் அவனோடு எழவில்லை. தனித்துப்போன அவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். அவ்விதம் இறந்தவனைத் தொடுவது அவ்வூர் வழக்கப்படி தீட்டு. வேற்றாரே அவனை அடக்கம் செய்ய வேண்டும்.

ஒப்பு நோக்கு

மூவரையும் அருகருகே நிறுத்தினால் மூன்று செய்திகள் புலனாகின்றன.

முதலாவது, பேச்சு. வீட்டார் பேசுவதெல்லாம் கிரெகோருக்கு விளங்குகிறது. அவன் பேசுவது அவர்களுக்கு விளங்கவில்லை. மெர்சோவின் பேச்சு விளங்குகிறது. ஆனால் கேட்பவர்கள் எதிர்பார்த்த சொல் அதில் இல்லை. ஒக்கோங்வோவுக்குத் திக்குவாய்; சினம் வந்தால் சொல் வராது, கைதான் முந்தும். உள்ளத்தை வெளியே கொண்டுவரும் வழி அடைபட்டவனே அந்நியனாகிறான்.

இரண்டாவது, குற்றம். கிரெகோர் யாருக்கும் தீங்கு செய்யாதவன். மெர்சோ கொலை செய்தவன். ஆனால் கொலையைவிட அழாமைக்காகவே தண்டிக்கப்பட்டவன். ஒக்கோங்வோவோ மகனைப் போன்றவனைக் கொன்று, பெற்ற மகன் நுவோயேயையும் இழந்தவன். பிறர் கதவை மூடுமுன் தானே தன் கதவை மூடிக்கொண்டவன். எனவே அந்நியர் எல்லாரும் குற்றமற்றவர் என்று கொள்வதும் தவறு. எல்லாரும் தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டார்கள் என்பதும் தவறு.

மூன்றாவது, பெயர். எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது இதுதான். கிரேட்டா இறுதியில் அண்ணனின் பெயரைச் சொல்ல மறுத்து, 'அது' என்கிறாள். உயர்திணை அஃறிணையாகிறது! மெர்சோவால் கொல்லப்பட்டவன் வெறும் 'அரபியன்'. ஒக்கோங்வோவின் உடலைக் கண்ட வெள்ளைக்கார அதிகாரி, தாம் எழுதப்போகும் நூலில் இவனைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம் என்று கணக்கிடுகிறார். நாங்கள் ஒரு நூல் முழுவதும் படித்த வாழ்க்கை அவருக்கு ஒரே ஒரு பத்தி. ஒருவரைத் தள்ளிவைப்பதன் முதற்படி, அவர் பெயரை விட்டுவிடுவதே என்பதை மூன்று ஆசிரியர்களும் காட்டுகிறார்கள்.

திறவுகோல் யார் கையில்?

கிரேட்டாவைப் பற்றி எங்கள் வகுப்பில் பெரிய வாதம் நடந்தது. 'நன்றி கெட்டவள்' என்றனர் சிலர். 'பகலெல்லாம் கடையில் நின்று, மாலையில் படித்து, இரவில் அண்ணனையும் பார்க்க வேண்டுமென்றால் அவளும் மனுஷிதானே' என்றனர் சிலர். அவளுக்கு வயது பதினேழு. எங்களுக்கும் அதே வயது.

வாதத்தினிடையே, அதுவரை வாய் திறவாத ஒரு தோழி எழுந்தாள். ஆண்டின் நடுவில் வேறூரிலிருந்து வந்து சேர்ந்தவள். "அவள் அண்ணனை 'அது' என்று சொல்லும் இடத்தைக் கவனித்தீர்களா? அவன் இறப்பது மறுநாள் விடியலில். ஆனால் அவள் வாயில் அவன் அப்போதே இறந்துவிட்டான்" என்றாள். வகுப்பு அமைதியாயிற்று. அவளுடைய கருத்து எங்களைத் தொட்டது உண்மை. ஆனால் அமைதிக்கு அது மட்டும் காரணமன்று. இரண்டு மாதமாக நாங்கள் அவளை 'அந்தப் புதுப் பொண்ணு' என்றே சொல்லி வந்தோம். அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. எங்கள் நாவில் இல்லை. நண்பகல் உணவு வேளையில் அவள் எங்கே அமர்ந்தாள் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். கிரேட்டாவும் கொடியவள் அல்லள். அதுதான் இக்கதை எங்களுக்குத் தந்த அச்சம். கதவை மூடக் கொடுமை தேவையில்லை, கவனமின்மை போதும். அதைத் திறக்கவும் பெரிய வீரம் தேவையில்லை. கியாகா ஆசிரியர் செய்தது போல, தடுப்பவர் நடுவே 'இவர்களும் வரட்டும்' என்று சொல்லும் ஒரு குரல் போதும்.

அன்புத் தோழியரே, விடுமுறையில் இம்மூன்று நூல்களையும் படியுங்கள். 'அந்நியன்' நூலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்கியிருக்கிறார். படித்து முடித்தபின், உங்கள் வகுப்பில் யாருடைய பெயரை நீங்கள் இன்னும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் எண்ணிப் பார்த்தோம். மறுநாள் நண்பகலில் அவளைப் பெயர் சொல்லி அழைத்தோம். அவள் தன் உணவுப் பாத்திரத்துடன் வந்து எங்கள் நடுவே அமர்ந்தாள்.