நடந்தால் உள்வீக்கம் குறையும்



காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குது இல்லையா? கிருமியை எதிர்க்க வெள்ளை அணுக்கள் அங்கே கூடுவதால் வரும் அழற்சி அது. காயம் ஆறியதும் வடிந்துவிடும். இது நல்லதுதான்.

ஆனால் வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால், லேசான அழற்சி உடம்புக்குள் வருஷக்கணக்கில் நீடிக்கும். வலி தெரியாது. சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் அதுவே வழி செய்கிறது.

உடற்பயிற்சி என்ன செய்யும்? தசைகள் வேலை செய்யும்போது அழற்சியை அடக்கும் பொருட்களை ரத்தத்தில் விடுகின்றன. வெள்ளை அணுக்களும் உடம்பெங்கும் சுற்றி வருகின்றன. நாளடைவில் வயிற்றுக் கொழுப்பும் குறையும்.

"நாங்க செய்யுற வேலை போதாதா?" என்று கேட்பீங்க. களை எடுப்பது, மண் வெட்டுவது, தண்ணீர் சுமப்பது எல்லாம் பயிற்சிக்குச் சமம்தான். பீடி சுற்றுபவர்களும் தையல் தைப்பவர்களும் கட்டாயம் நடக்கணும்.

எவ்வளவு?
* வாரம் 5 நாள், தினமும் 30 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன வாரம் 150 நிமிடக் கணக்கு இது.
* பேச்சு வரணும், பாட்டுப் பாட மூச்சு பத்தக்கூடாது. அந்த வேகம் போதும்.
* காய்ச்சல் இருந்தால் ஓய்வு எடுங்க.
* நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்க.
* நடக்கிறோம் என்று சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில், யார் எத்தனை நாள் நடந்தோம் என்று பேசுவோமா?