மலைக்குள் ஒரு மடாலயம்

அர்மேனியா ஒரு சிறிய நாடு. துருக்கிக்கும் ஈரானுக்கும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே எங்கு பார்த்தாலும் மலைதான்.

அந்த நாட்டின் தலைநகரம் எரெவான். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மடாலயம் இருக்கிறது. சுற்றிலும் செங்குத்தான பாறைகள். கீழே அசாத் ஆறு. மடாலயத்தின் பெயர் கெகார்ட். அர்மேனிய மொழியில் கெகார்ட் என்றால் ஈட்டி. இயேசுவைக் குத்திய ஈட்டி முன்பு இங்கே இருந்தது என்று மக்கள் நம்புகிறார்கள். அதனால் வந்த பெயர் இது. பழைய பெயர் அய்ரிவாங்க். குகை மடம் என்று பொருள்.

1215-ஆம் ஆண்டில் இங்கே பெரிய கோயிலைக் கட்டினார்கள். கல்லின் மேல் கல் வைத்துக் கட்டிய கோயில் அது. அடுத்து வந்தவர்கள் வேறு வேலை செய்தார்கள். மலையையே குடைந்தார்கள்!

பாறைக்குள் ஒரு குகை இருந்தது. அதில் ஓர் ஊற்று இருந்தது. அந்தக் குகையை 1240-களில் கோயிலாகச் செதுக்கினார்கள். ஊற்றை மூடவில்லை. இன்றும் கோயிலுக்குள் தண்ணீர் ஓடுகிறது.

பிறகு பிரோஷ் என்ற இளவரசர் மடாலயத்தை விலைக்கு வாங்கினார். அவர் குடும்பத்தார் மேலும் கோயிலும் மண்டபங்களும் குடையச் செய்தார்கள். மேல் மண்டபம் 1288-இல் முடிந்தது. தூண், வளைவு, கூரை எல்லாம் ஒரே பாறை. கூரையின் நடுவில் ஒரு துளை. அதன் வழியாக வெளிச்சம் வருகிறது. அங்கே நின்று பாடினால் குரல் மண்டபம் முழுவதும் ஒலிக்கும்.

இது எளிய வேலை அல்ல. கட்டடத்தில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைக்கலாம். குடையும்போது அது முடியாது. தூண் நிற்க வேண்டிய இடத்தில் உளி ஆழமாகப் போனால், போனது போனதுதான். ஒவ்வொரு அடியும் யோசித்து அடிக்க வேண்டும்.

சுவரில் இரண்டு சிங்கங்கள். அவற்றின் கழுத்தில் சங்கிலி. கீழே ஆட்டுக்குட்டியைப் பற்றிய கழுகு. இது பிரோஷ் குடும்பத்தின் சின்னம். பாறைகளில் சிலுவைகளும் பூவேலையும் நிறைய உண்டு.

பணம் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டுவது வழக்கம். ஊற்று இருக்கும் கோயிலில் இன்னொரு பெயரும் இருக்கிறது. கல்சாக். அவர்தான் அதைச் செதுக்கிய சிற்பி. 700 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பெயரை இன்றும் படிக்கலாம்.

2000-ஆம் ஆண்டில் ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு கெகார்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சொல்லும் பொருளும்
மடாலயம் – துறவிகள் வாழும் இடம்
ஊற்று – நிலத்தில் இருந்து தானே வரும் நீர்

கலந்து பேசுவோம்
1. மலையைக் குடைவது ஏன் கடினம்?
2. உங்கள் ஊரில் பழைய கல்வெட்டு இருக்கிறதா? அதில் யார் பெயர் இருக்கிறது? வேலை செய்தவர் பெயர் இருக்கிறதா?