கதிர்வீச்சுக்குப் பின் பி.எஸ்.ஏ. அளவு ஏறினால் அஞ்ச வேண்டுமா?

புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை முடித்து வீடு திரும்பியோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் பெரிதும் கலங்கச் செய்வது, இரத்தப் பரிசோதனை அறிக்கையில் காணும் ஓர் எண்ணே. அதனைப் புரிந்துகொள்வது எவ்வாறு?

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பியின் அணுக்கள் உண்டாக்கும் ஒரு புரதம். நல்ல அணுக்களும் புற்றணுக்களும் இதனைச் சுரக்கின்றன. இதில் சிறு பகுதி இரத்தத்தில் கலப்பதால், நோயின் போக்கை அறிய இது உதவுகிறது.

அறுவைச் சிகிச்சையில் சுரப்பி முழுவதும் அகற்றப்படுவதால், சில வாரங்களிலேயே பி.எஸ்.ஏ. கண்டறிய இயலாத அளவுக்குக் குறைய வேண்டும். கதிர்வீச்சிலோ சுரப்பி உடலிலேயே இருக்கிறது. கதிர்களால் சிதைந்த புற்றணுக்களில் பெரும்பாலானவை, பிரிய முயலும்போதுதான் மடிகின்றன. இவை பொதுவாக மெதுவாகப் பிரிபவை. ஆதலால் பி.எஸ்.ஏ. தன் மிகக் குறைந்த அளவை எட்ட 18 மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். அது பூச்சியம் ஆகாததால் சிகிச்சை பயனற்றது என்று கருதலாகாது.

இறங்கிய அளவு இடையில் சற்றே ஏறி, தானே மீண்டும் இறங்குவதும் உண்டு. இத்தற்காலிக ஏற்றம் பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளுக்குள் தோன்றும்.

ஒருவரின் மிகக் குறைந்த அளவு, மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் எனக் கொள்வோம். அடுத்த முறை அது 1.1 ஆனால், அவ்வோர் அறிக்கையை மட்டும் கொண்டு நோய் திரும்பியதாக முடிவு செய்வதில்லை, மறுபரிசோதனை செய்வர். 2006-இல் வெளியான ஃபீனிக்ஸ் வரையறையின்படி, மிகக் குறைந்த அளவைவிட 2 நானோகிராமோ அதற்கு மேலோ கூடினால், அதாவது இவருக்கு 2.5-ஐ எட்டினால், நோய் திரும்பியிருக்கலாம் என்று கருதி மேலும் ஆராய்வர். அதற்கு முன்பே அளவு தொடர்ந்து ஏறிவந்தாலும் மருத்துவர் கவனிப்பார்.

நினைவில் கொள்ள வேண்டியவை:

1. இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதனை செய்க.

2. சிறுநீர்த் தொற்று அளவை உயர்த்தக்கூடும். எரிச்சலோ காய்ச்சலோ இருப்பின் முன்னதாகவே கூறுக.

3. பரிசோதனைக்கு முந்தைய 2 நாள்கள் உடலுறவையும் மிதிவண்டிப் பயணத்தையும் தவிர்க்க.

4. ஃபினாஸ்டெரைடு போன்ற மாத்திரைகளும் ஹார்மோன் ஊசிகளும் அளவைக் குறைக்கும். ஊசி நிறுத்தியபின் அளவு சிறிது ஏறலாம். உட்கொள்ளும் மருந்துகளை மறைக்காது தெரிவிக்க.

5. அறிக்கைகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் கொண்டு வருக.

ஓர் எண்ணைக் கண்டு உறக்கம் இழக்க வேண்டா. ஏற்றத்தைக் கண்டும் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டா. பல மாத எண்களை வரிசையாக நோக்கும்போதே உண்மை நிலை தெளிவாகும்.