பணிமுறை மாறும் வீட்டில் குழந்தையின் நாள்

மண்ணூர்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் அதிகாலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையே நிற்பவர்களை இரு வகையினராகப் பிரித்துவிடலாம். குளித்து முடித்து, சாப்பாட்டுப் பையுடன் முதல் ஷிப்டுக்குப் புறப்படுவோர் ஒரு வகையினர். இரவு ஷிப்ட் முடிந்து, கண்கள் சிவந்து, வீட்டை நோக்கித் திரும்புவோர் மற்றொரு வகையினர். 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையும், பாடியின் பெரிய ஆலைகளும், பின்னாளில் எழுந்த தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் இப்பகுதியின் நாளை இவ்வாறு கூறுபோட்டு வைத்துள்ளன. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவ்விரு வகையினரும் பல வேளைகளில் ஒரே வீட்டின் கணவனும் மனைவியுமாக இருக்கிறார்கள் என்பதையும், அவ்வீட்டில் ஐந்து வயது நிரம்பாத குழந்தை ஒன்று இருக்கிறது என்பதையும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வருவோரிடம் பேசும்போது அடிக்கடி அறிகிறோம். இந்தப் பாடம் அத்தகைய வீடுகளுக்கானது.

ஓர் இல்லத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தந்தைக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட். தாய் ஆயத்த ஆடை ஆலையில் காலை எட்டரை மணிக்குப் பணியில் இருக்க வேண்டும். மூத்த மகள் எல்.கே.ஜி. செல்கிறாள். இளையவனுக்கு ஒன்றரை வயது. திருத்தணிப் பக்கத்திலிருந்து பாட்டி வந்து மாதத்தில் சில நாட்கள் தங்கிச் செல்கிறார். இவ்வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள எப்போதும் எவரேனும் ஒருவர் இருக்கவே செய்கிறார். இடர் தோன்றுவது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குக் குழந்தை மாறும் வேளைகளில்தான்.

ஆலையில் ஷிப்ட் மாறும்போது நடப்பதை எண்ணிப் பாருங்கள். எந்த இயந்திரம் பழுது, எந்த வேலை பாதியில் நிற்கிறது, எதைத் தொடக்கூடாது என்பதைப் பதிவேட்டில் எழுதிவிட்டே ஒருவர் வெளியேறுகிறார். அதைப் படித்துவிட்டே மற்றவர் பணியைத் தொடங்குகிறார். வீட்டிலோ, ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே வாசற்படியில் சொல்லும் இரண்டு சொற்கள்தான் ஒப்படைப்பு. சில நாட்களில் அதுவும் இல்லை.

காய்ச்சல் மருந்தும் மூன்று கைகளும்

மேற்கண்ட வீட்டில் இளையவனுக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். மாலை நான்கு மணிக்குப் பாட்டி மருந்து கொடுக்கிறார். ஆறரை மணிக்கு வேலை முடிந்து வந்த தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இன்னும் சுடுகிறதே என்று ஒரு முறை கொடுக்கிறார். ஒன்பது மணிக்குப் பணிக்குக் கிளம்பும் தந்தை, இரவில் குழந்தை துன்பப்படக் கூடாதென மேலும் ஒரு முறை கொடுத்துவிட்டுச் செல்கிறார். ஐந்து மணி நேரத்தில் மூன்று முறை. மூவரும் அன்பினால் செய்தார்கள். மூவரும் மற்றவரைக் கேட்கவில்லை.

காய்ச்சலுக்குப் பொதுவாகத் தரப்படும் பாராசிட்டமால், சரியான அளவில் நல்ல மருந்து. ஒரு முறை கொடுத்தபின் குறைந்தது 4 மணி நேரம் கழியவேண்டும். 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேற்படலாகாது. அளவை மீறினால் அது கல்லீரலைத் தாக்குகிறது. இதில் கொடியது என்னவெனில், அளவு மீறிய முதல் நாளில் குழந்தை பெரும்பாலும் நலமாகவே தோன்றும். பாதிப்பு வெளிப்படும்போது காலம் கடந்திருக்கலாம். உரிய நேரத்தில் வந்தால் இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆகவே அளவு மீறிவிட்டது என்ற ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல், மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயலவேண்டாம். யார் தவறு என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் உண்மையான அளவைச் சொன்னால் போதும்.

இரண்டாவது குழப்பம் புட்டியில் இருக்கிறது. ஒரே மருந்து மூன்று அடர்த்திகளில் கடைகளில் கிடைக்கிறது. சிறு குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். ஒரு வகைச் சிரப்பில் 5 மில்லியில் சுமார் 125 மில்லிகிராம். மற்றொரு வகையில் 5 மில்லியில் 250 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு முறைக்கு 150 மில்லிகிராம் என மருத்துவர் எழுதியிருக்கிறார் என்றால், முதல் வகைச் சிரப்பில் அது 6 மில்லி, அடர்ந்த சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி மட்டுமே. "ஆறு மில்லி கொடுங்கள்" என்று ஆலையிலிருந்து தொலைபேசியில் தாய் சொல்ல, வீட்டிலிருப்பவர் சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து அதே ஆறு மில்லியைக் கொடுத்துவிட்டால் குழந்தைக்குள் செல்வது 600 மில்லிகிராம்; அதாவது நான்கு மடங்கு.

இதற்குத் தீர்வு எளிது. வீட்டில் ஒரே ஓர் அடர்த்தியுள்ள புட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவளுக்கு ஒன்று, இளையவனுக்கு ஒன்று என இரண்டு தேவைப்பட்டால், புட்டியின்மேல் பெயரையும் மில்லி அளவையும் ஒட்டிவையுங்கள். புட்டியுடன் வந்த அளவுக் கோப்பையால் அளக்கவும். சமையலறைக் கரண்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இரா. குழந்தையின் எடை கூடும்போது அளவும் மாறும் என்பதால், சென்ற ஆண்டுச் சீட்டைப் பார்த்து இவ்வாண்டு கொடுப்பதும் சரியன்று. சளி மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அவற்றைத் தனியாகக் காய்ச்சல் மருந்துடன் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும். மேலும், குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் ஆகிய இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று அதன் உறையில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பணித்துள்ளது.

சமையலறை நோட்டு

ஆகவே நாங்கள் கேட்டுக்கொள்வது, ஒரு நாற்பது பக்க நோட்டும் நூலில் கட்டிய பேனாவும். சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கட்டும். எழுத வேண்டியவை சிலவே: மருந்து கொடுத்த நேரமும் அளவும், கடைசியாகப் பால் அல்லது உணவு உண்ட நேரம், சிறுநீர் கழித்ததா, எப்போது உறங்கியது. நான்கு வரிகளுக்கு மேல் எழுதச் சொன்னால் மூன்றாம் நாளே நோட்டு வெறுமையாகிவிடும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

வீட்டுப் பெரியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் அதற்கும் வழி உண்டு. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் சூரியன், உச்சி வெயில், நிலா எனப் படம் வரைந்து கட்டம் போட்டு, மருந்து கொடுத்ததும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுக்கச் சொல்லலாம். கோடு இருக்கும் கட்டத்தில் வேறு எவரும் மருந்து கொடுப்பதில்லை என்பது வீட்டுச் சட்டமாகட்டும். பாட்டிகள் இச்சட்டத்தைப் பெற்றோரைவிட நன்றாகக் காக்கிறார்கள்.

இரவுப் பணி முடிந்து வந்தவர்

இரவு ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் தந்தை ஒரு மணி நேரத்தில் குழந்தையைப் பொறுப்பேற்கிறார். தாய் பணிக்குச் சென்றுவிடுகிறார். பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துக்கொள்வார். அதுவரை இவர் விழித்திருக்க வேண்டும். இந்த நான்கு மணி நேரமே இவ்வகை வீடுகளில் எங்களை மிகவும் அஞ்சவைக்கும் நேரம்.

மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அது வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வருகைப் பதிவேட்டை அது பார்ப்பதில்லை. இரவெல்லாம் விழித்தவர் பகலில் படுத்தாலும் உறக்கம் குறைவாகவும் துண்டு துண்டாகவுமே அமைகிறது. சில நாட்கள் இவ்வாறு சென்றபின், அவர் விழித்திருப்பதாகவே நம்பிக்கொண்டு சில நொடிகள் உறங்கிவிடுகிறார். இது சோம்பலன்று, மன உறுதியால் வெல்லக்கூடியதும் அன்று. இக்கட்டுரையை எழுதுபவளும் ஆண்டுக்கணக்கில் இரவுப் பணி பார்த்தவளே. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சோபாவில் அமர்ந்தது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது குழந்தை எனக்கும் சோபாவின் சாய்வுக்கும் இடையே சரிந்து கிடந்தது. மூச்சு இருந்ததா என்று பார்த்த அந்த ஒரு கணத்தை இன்றளவும் மறக்கவில்லை. களைத்தவர் கைக்குழந்தையுடன் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ அமரக் கூடாது. உறக்கம் வந்தால் குழந்தையை அதன் படுக்கையில், மல்லாந்த நிலையில் கிடத்திவிடுங்கள்.

தவழும், நடக்கும் குழந்தைக்கு வேறோர் இடர்: தண்ணீர். நம் பகுதி வீடுகளில் குளியலறையில் வாளி, பின்கட்டில் டிரம், தரைக்கடியில் தொட்டி எனத் தண்ணீர் பிடித்து வைக்காமல் இயலாது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடலின் அளவோடு ஒப்பிடத் தலை கனம். வாளியை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் அதனால் தானாக மீள முடியாது. சில அங்குல நீரே போதும். சத்தமும் பெரும்பாலும் கேட்பதில்லை. எனவே தாய் பணிக்குக் கிளம்புமுன் வாளிகளைக் கவிழ்த்துவிட்டு, டிரம்மை மூடி, தொட்டி மூடியைச் சரிபார்த்து, குளியலறைக் கதவின் மேல்தாழ்ப்பாளைப் போடவேண்டும். சாவியைத் தேடும் நேரத்தைவிட இதற்கு ஆகும் நேரம் குறைவு.

இயலுமானால் அந்த நான்கு மணி நேரத்தை ஒருவரே சுமக்காதவாறு மாற்றுங்கள். பக்கத்து வீட்டம்மா பன்னிரண்டு மணிக்கு வருவதை எட்டு மணியாக்கி, தந்தை உடனே உறங்கிவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு எழுந்து குழந்தையை ஏற்பது நல்லது. அதே உதவிதான். வைக்கும் இடம்தான் வேறு. அறையை இருட்டாக்கத் தடித்த பெட்ஷீட்டை ஜன்னலில் கட்டினால் போதும். ஷிப்டின் பின்பாதியில் தேநீரைத் தவிர்த்தால் காலை உறக்கம் எளிதில் வரும். கண் சொருகும் நிலையில் இருசக்கர வண்டியை ஓட்டி வரவேண்டாம்.

அப்பாவைப் பார்க்க விழித்திருக்கும் குழந்தை

இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் தந்தை பத்தரை மணிக்கு மேல்தான் வருகிறார். அவர் முகத்தைப் பார்க்கட்டும் என்று குழந்தைகளை விழித்திருக்க வைக்கும் வீடுகள் பல. இதைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. ஆயினும் உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை. பதினொரு மணிக்குப் படுத்து, எல்.கே.ஜி.க்காக ஆறரைக்கு எழுப்பப்படும் குழந்தைக்கு இது ஒருபோதும் கிட்டாது. காரணமற்ற அழுகை, உணவை மறுத்தல், வகுப்பில் அடம் ஆகியவற்றுக்கு மருந்து கேட்டு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது படுக்கும் நேரத்தைத்தான். விழித்திருக்க வைப்பதற்காகக் கைபேசியைக் கொடுப்பதும் உடன் சேர்ந்துகொள்கிறது. 2 வயது நிரம்பும்வரை திரை வேண்டாம். அதன்பின் நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்பது அதே வழிகாட்டுதல்.

எங்கள் கருத்து இது: இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் அப்பாவின் நேரம் காலையில் அமையட்டும். குளிப்பாட்டுவது, தலை வாருவது, பள்ளி வாசல்வரை கைபிடித்துச் செல்வது ஆகியவை அவருடையதாகட்டும். இரவு எட்டரைக்குக் குழந்தை உறங்கிவிடட்டும்.

சட்டம் தரும் சில வசதிகளையும் அறிந்துகொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம், முதலிரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பையும், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. தாய் நாளில் 4 முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களின் குழந்தைகளுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் மருந்தகங்களிலும் சிகிச்சை உண்டு. ஆனால் குழந்தையின் நோய்க்காகப் பெற்றோர் எடுக்கும் விடுப்புக்கு இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித்தொகை கிடையாது. அதற்கென ஓரிரு நாள் விடுப்பைச் சேமித்து வைப்பது நல்லது.

உறங்குபவரை எழுப்ப வேண்டிய வேளை

"இரவுப் பணி முடித்துத் தூங்குகிறார், எழுப்ப மனமில்லை" என்று காத்திருந்து மாலையில் குழந்தையைத் தூக்கி வருவோர் உள்ளனர். கீழ்க்கண்டவற்றில் ஒன்று தென்பட்டாலும் எவரையும் எழுப்பலாம். பணியில் இருப்பவரை மேற்பார்வையாளர் மூலம் அழைக்கலாம். 108க்கு உடனே பேசலாம். குழந்தை பாலோ நீரோ குடிக்க இயலாமை, உட்கொண்டதையெல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல். அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்து, மூச்சு 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50, 1 முதல் 5 வயதுவரை 40 என்ற அளவை எட்டினாலும் தாமதிக்கலாகாது. 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வேறு அறிகுறி எதுவும் தேவையில்லை.

வரும்போது சமையலறை நோட்டையும் எடுத்து வாருங்கள். கடைசி மருந்து எப்போது, கடைசியாகச் சிறுநீர் எப்போது என்று நாங்கள் கேட்கும் கேள்விகளுக்கு, அப்போது உடன் வருபவர் யாராக இருந்தாலும் அதில் விடை இருக்கும்.